அந்தப் பொண்ணு எப்ப சாப்பிட்டா?

"நாவல் எப்படி எழுதுறீங்க?" என்று என்னிடம் கேட்காத வாசகி இல்லை. கல்யாணப் பந்தியில் கேட்பார்கள். ரேஷன் கடை வரிசையில் கேட்பார்கள். ஒரு முறை பல் டாக்டர், என் வாயைத் திறக்கச் சொல்லிவிட்டுக் கேட்டார்! ஆனால் "எப்படித் திருத்துறீங்க?" என்று மட்டும் இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

எழுதுவது ஒரு பங்கு என்றால் திருத்துவது இரண்டு பங்கு. விருந்து சமைப்பதற்கும், விருந்து முடிந்து அண்டா குண்டாக்களைத் தேய்ப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். சமைக்கும்போது வாசனை பிடித்துக்கொண்டு நாலு பேர் எட்டிப் பார்ப்பார்கள். தேய்க்கும்போது கொல்லைப்புறத்தில் நாம் மட்டும்தான்.

என் வழக்கம் ஐந்து தடவை படிப்பது. முதல் தடவை கதைக்காக. இரண்டாம் தடவை கணக்குக்காக. சித்திரையில் முழுகாமல் இருக்கிறாள் என்று எழுதினால் தை மாத வாக்கில் குழந்தை பிறக்க வேண்டும். ஐப்பசியிலேயே தொட்டில் கட்டினால் நம் வாசகிகள் சும்மா விடுவார்களா? மூன்றாம் தடவை பேச்சுக்காக. தஞ்சாவூர்க்காரி திருநெல்வேலிப் பேச்சுப் பேசக் கூடாதே! நாலாம் தடவை, சொன்னதையே சொன்ன இடங்களைக் களைய. ஐந்தாம் தடவை வாய் விட்டுப் படிப்பது. கண்ணுக்குத் தப்பியது காதுக்குத் தப்பாது.

ரஷ்ய எழுத்தாளர் டால்ஸ்டாய் 'போரும் அமைதியும்' நாவலைத் திருத்தித் திருத்தி எழுதியபோது, அந்தக் கிறுக்கலையெல்லாம் படித்துப் புரிந்துகொண்டு, திரும்பத் திரும்பக் கையால் பிரதி எடுத்துக் கொடுத்தவர் அவர் மனைவி சோஃபியா. 13 குழந்தைகளைப் பெற்றெடுத்த மகராசி! குழந்தைகள் தூங்கிய பிறகு விளக்கு வைத்துக்கொண்டு எழுதினாராம். "எனக்கு அப்படிப் பிரதி எடுத்துக் கொடுக்க யார் இருக்கிறார்கள்?" என்று என் கணவரிடம் கேட்டேன். அவர் செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார். பதில் கிடைத்துவிட்டது.

இது 2020-ம் வருஷத்துக் கதை. அந்த ஜனவரியில்தான் என் நாவலின் முதல் பிரதியை முடித்திருந்தேன். காவிரிக் கரை கிராமம் ஒன்றில் மூன்று தலைமுறைப் பெண்களின் கதை. பதிப்பாளர் படித்துவிட்டு, "கதை நன்றாக இருக்கிறது, அம்மா. ஆனால் 24 ஃபாரம் வரும் போலிருக்கிறது. ஐந்து ஃபாரம் குறைத்துக் கொடுங்கள். ஏப்ரலில் கொடுத்தால் ஜூனில் புத்தகம்" என்றார்.

ஃபாரம் என்பது அச்சகக் கணக்கு. 16 பக்கம் சேர்ந்தது ஒரு ஃபாரம். ஐந்து ஃபாரம் என்றால் 80 பக்கம். பெற்ற பிள்ளையின் கையில் எந்த விரலை வெட்டுவது? ஆனாலும் காகிதம் விற்கிற விலையில் அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. பிப்ரவரி முழுவதும் மேஜையில் உட்கார்ந்து இரண்டு தடவை படித்து முடித்தேன்.

அதற்குள் உலகம் வேறு பக்கம் திரும்பிவிட்டது. ஜனவரி 30-ல் கேரளத்தில் முதல் நோயாளி என்று செய்தி வந்தபோது, "எங்கேயோ" என்று இருந்தோம். மார்ச் 7-ல் தமிழ்நாட்டிலும் ஒருவருக்கு உறுதியானது. மார்ச் 11-ல் உலக சுகாதார நிறுவனம் இதை உலகப் பெருந்தொற்று என்று அறிவித்தது. யாருக்குப் போன் போட்டாலும், மணி அடிப்பதற்கு முன்னால் ஒரு இருமல் சத்தம், பிறகு கை கழுவச் சொல்லி ஒரு குரல். என் மாமியாருக்கு அந்த இருமலைக் கேட்டாலே கோபம் வரும். "யாருடி இவ, போன்ல வந்து இருமுறா?" என்பார்.

என் மாமியாருக்கு அப்போது 84 வயது. இருபது வருஷமாக வீஸிங் தொல்லை உண்டு. 'வயதானவர்கள், மூச்சுக் கோளாறு உள்ளவர்கள் ஜாக்கிரதை' என்று டி.வி.யில் சொல்லும் போதெல்லாம் நாங்கள் மூன்று பேரும் அவர் முகத்தைப் பார்ப்போம். அவர் எங்களைப் பார்த்து, "என்ன எல்லாரும் என்னையே முறைக்கிறீங்க?" என்பார்.

மூன்றாவது ஆள் என் மகன். பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. மார்ச் மூன்றாம் வாரம் ஒரு பையோடு வந்து இறங்கினான். "ரெண்டு வாரம்தான்மா. வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்லிட்டாங்க" என்றான். மார்ச் 22, ஞாயிற்றுக்கிழமை மக்கள் ஊரடங்கு. மாலை 5 மணிக்கு எங்கள் நங்கநல்லூர் தெருவில் எல்லா மொட்டை மாடியிலும் தட்டுச் சத்தம். அன்றைக்கே பயணி ரயில்களும் நின்றன. மார்ச் 24 இரவு 8 மணிக்குப் பிரதமர் பேசினார். மறுநாளிலிருந்து 21 நாள் நாடே அடைத்துக்கொண்டது.

நாடு அடைத்துக்கொண்டது, என் வீடு திறந்துகொண்டது! நான் எழுதும் மேஜை மகனின் ஆபீஸாகிவிட்டது. அந்த அறையில் அவன் காலை 9 மணி முதல் இரவு வரை யாருடனோ இங்கிலீஷில் பேசிக்கொண்டே இருந்தான். ஹாலில் என் கணவர், டி.வி., எண்ணிக்கை. "இன்னைக்கு இத்தனை பேர்... நேத்து இத்தனை பேர்..." பாத்திரம் தேய்க்க வரும் அம்மாவை, "நீங்க பத்திரமா வீட்டிலேயே இருங்க, சம்பளம் வந்துடும்" என்று சொல்லி நிறுத்தியிருந்தோம். மாதம் பிறந்ததும் என் கணவர் அவர் வீட்டு வாசலுக்கே போய்ப் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தார். "இன்னும் ரெண்டு வீட்டுல சொல்லாம கொள்ளாம நிறுத்திட்டாங்க சார்" என்று அழுதாராம் அந்த அம்மா. வாசகியரே, நாம் வீட்டுக்குள் பத்திரமாக இருந்தபோது அவர்கள் வீட்டில் அடுப்பு எரிந்ததா என்று கேட்டவர்கள் எத்தனை பேர்?

வேலையோ கேட்க வேண்டாம். பால் பாக்கெட்டைச் சோப்புத் தண்ணீரில் கழுவு. காய்கறியை மஞ்சளும் உப்பும் கலந்த தண்ணீரில் போடு. கதவுத் தாழ்ப்பாளைத் துடை. இந்த நோய் முக்கியமாகக் காற்றின் வழியாகவே பரவுகிறது, பாக்கெட்டைத் தேய்ப்பதைவிட ஜன்னலைத் திறந்து வைப்பதும் முகக் கவசமும்தான் முக்கியம் என்பது பின்னால்தான் தெளிவாயிற்று. கை கழுவுவது மட்டும் அன்றும் இன்றும் நல்ல பழக்கம்தான். அந்தக் கிருமிக்கு மேல் கொழுப்பால் ஆன ஒரு உறை இருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்குள்ள வாணலியைச் சோப்பு எப்படிச் சுத்தம் செய்கிறதோ, அப்படியே அந்த உறையையும் கரைத்துவிடும். அதற்கு 20 விநாடி வேண்டும். நமக்குத் தெரியாத வித்தையா?

இதற்கு நடுவில் 80 பக்கத்தை எங்கே வெட்டுவது! விடியற்காலை 4 மணிக்கு எழுந்தேன். சமையலறைத் திண்ணையில் மாவு டப்பாவைத் தள்ளி வைத்துவிட்டு, பிரதியை விரித்துக்கொண்டு நின்றபடியே படித்தேன். 6 மணிக்குப் பால் வரும். அந்த இரண்டு மணி நேரம்தான் என் சொத்து. மூன்றாம் தடவையும் நாலாம் தடவையும் அந்தத் திண்ணையில்தான் முடிந்தன. அந்தப் பிரதியின் பல பக்கங்களில் இன்றைக்கும் மஞ்சள் கறை இருக்கிறது.

ஐந்தாம் தடவைதான் அதிசயம். அதற்குக் காரணம் என் மாமியாருடைய பொழுதுபோகாத மத்தியானங்கள். கோவில் அடைத்துவிட்டார்கள். செய்தித்தாளில் கிருமி ஒட்டிக்கொண்டு வரும் என்று யாரோ சொன்னதை நம்பி அதையும் நிறுத்தியிருந்தோம். மார்ச் 28-லிருந்து தூர்தர்ஷனில் பழைய 'ராமாயண்' தொடரை மறுபடி போட்டார்கள். ஹிந்தி ஒரு வார்த்தை தெரியாவிட்டாலும் அத்தை கண் கொட்டாமல் பார்ப்பார். "பாஷை எதுக்கு? கதைதான் தெரியுமே!" மற்ற நேரம் ஜன்னலோரம் உட்கார்ந்து காலியான தெருவையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாள், "ஏம்மா, விடியக்காலம் எந்திரிச்சு ஏதோ படிக்கிறியே, அதை எனக்குந்தான் படிச்சுக் காட்டேன்" என்றார்.

வாய் விட்டுப் படிக்கத்தானே போகிறோம், சுவருக்குப் படிப்பதை மாமியாருக்குப் படிப்போமே என்று ஆரம்பித்தேன். தினம் மத்தியானம் 2 மணி முதல் 4 மணி வரை.

ஒரு விஷயத்தை அங்கே கண்டுகொண்டேன். என் அத்தைக்கு இலக்கணம் தெரியாது, விமர்சனம் தெரியாது. ஆனால் அலுப்புத் தட்டினால் தூங்கிவிடுவார்! நான் ஆற்றை மூன்று பக்கத்துக்கு வர்ணித்தபோது குறட்டை கேட்டது. பென்சிலால் ஓரத்தில் ஒரு கோடு போட்டேன். கதாநாயகியின் தகப்பனார் தேச நிலைமை பற்றிப் பேசியபோது தலை சாய்ந்தது. இன்னொரு கோடு. இப்படி அத்தை தூங்கின இடங்களையெல்லாம் கூட்டிப் பார்த்தேன். 60 பக்கத்துக்கு மேல் வந்தது! பதிப்பாளர் கேட்ட கணக்கில் முக்கால் பங்கை அத்தை தூங்கியே தீர்த்து வைத்துவிட்டார்.

ஆனால் விழித்திருந்த நேரங்களில் கேள்வி கேட்பார். அதுதான் என்னைத் தூங்க விடவில்லை.

நாவலில் ஒரு அறுவடைக் காட்சி. களத்தில் முப்பது பேருக்குச் சாப்பாடு. கதாநாயகி தனியாகப் பொங்கி, வடித்து, குழம்பு கூட்டி, எல்லாருக்கும் பரிமாறுகிறாள். எனக்கு மிகவும் பிடித்த அத்தியாயம். படித்து முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். அத்தை யோசனையில் இருந்தார்.

"எல்லாருக்கும் போட்டா, சரி. அந்தப் பொண்ணு எப்ப சாப்பிட்டா?"

"அது... கதையில வரல அத்தை."

"வராட்டி? பசிக்காதா அவளுக்கு?"

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் ராத்திரி படுத்த பிறகும் அந்தக் கேள்வி போகவில்லை. நம்முடைய கதைகளில் பெண்கள் சமைப்பார்கள், பரிமாறுவார்கள், கண்ணீர் விடுவார்கள். உட்கார்ந்து சாப்பிட்டு எத்தனை கதையில் பார்த்திருக்கிறோம்?

இரண்டு நாள் கழித்து இன்னொரு இடம் வந்தது. கதாநாயகியின் பாட்டி 1918-ல் இறந்துபோகிறாள். அங்கே கதை வேகமாக நகர வேண்டும் என்பதால் ஒரே வரிதான். அந்த வருஷக் காய்ச்சலில் அவள் போய்விட்டாள், நாலு குழந்தைகளை விட்டுவிட்டு. அவ்வளவே. படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். அத்தை கையைத் தூக்கினார்.

"நில்லு. ஒரு வரியிலயா போயிட்டா?"

பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். 37 வருஷமாக நான் அவர் மருமகள். இதை அதுவரை கேட்டதே இல்லை.

"எங்கம்மாவுக்கு அப்ப ஒம்பது வயசு. குடமுருட்டி ஆத்தங்கரையில எங்க தாத்தா வீடு. ஐப்பசி மாசம். வீட்டுல பதினோரு பேர். ஒருத்தர் விடாம காய்ச்சல்ல படுத்துட்டாங்க. எங்கம்மாவோட அம்மா மட்டுந்தான் நடமாடிக்கிட்டு இருந்தாங்களாம். நொய்க் கஞ்சி காய்ச்சி ஒவ்வொருத்தர் வாயிலயா ஊத்துறது, சுக்குத் தண்ணி வைக்கிறது, வாந்திய அள்ளிக் கொட்டுறது... எட்டு நாள். அரிசி வேற கிடைக்கல. இருக்குற கஞ்சி படுத்தவங்களுக்கே சரியாப் போச்சு. ஒம்பதாம் நாள் அடுப்புக்கிட்டயே சாஞ்சிட்டாங்க. படுத்துக் கிடந்த பத்துப் பேரும் பொழைச்சு எந்திரிச்சாங்க. நின்னவங்கதான் போயிட்டாங்க. எங்கம்மா சாகுற வரைக்கும் சொல்லும்: 'எங்கம்மாவ நாங்க யாருமே நீ சாப்பிட்டியான்னு கேக்கலடி' ன்னு."

அறுவடைக் காட்சியில் அத்தை கேட்ட கேள்வி எங்கேயிருந்து வந்தது என்று அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. அது 102 வருஷத்துப் பழைய கேள்வி.

அன்று முதல் விடியற்காலை நேரத்தில் 1918-ஐப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். உலக யுத்தம் முடிகிற சமயம். கப்பலில் வந்த சிப்பாய்கள் மூலமாக அந்த வருஷம் ஜூன் வாக்கில் பம்பாயில் இன்ஃபுளூயன்ஸா இறங்கியது. அங்கிருந்து ரயில் ஏறி நாடெங்கும் போயிற்று. செப்டம்பரில் இரண்டாவது அலை வந்தது, அதுதான் கொடியது. இந்தியாவில் மட்டும் 1 கோடி 20 லட்சம் பேரிலிருந்து 2 கோடிப் பேர் வரை இறந்திருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள். பம்பாய், மத்திய மாகாணங்களோடு ஒப்பிட்டால் சென்னை மாகாணத்தில் சாவு குறைவுதான். ஆனால் இங்கேயும் வீட்டுக்கு வீடு அழுகை இருந்தது. 1911-லிருந்து 1921 வரையான பத்து வருஷத்தில் இந்தியாவின் ஜனத்தொகையே குறைந்தது. ஜனத்தொகைக் கணக்கெடுப்பு ஆரம்பித்ததிலிருந்து அப்படிக் குறைந்த பத்தாண்டு அது ஒன்றுதான்.

அரிசி கிடைக்கவில்லை என்று அத்தை சொன்னதும் உண்மைதான். அந்த வருஷம் மழை பொய்த்தது. யுத்தத்தினால் விலை ஏறியது. செப்டம்பரில் சென்னைப் பட்டணத்திலேயே ஜனங்கள் கடைகளைச் சூறையாடினார்கள்.

இன்னொரு விவரத்தைப் படித்தபோது என் பென்சில் நின்றுவிட்டது. அந்தக் காய்ச்சலில் கிழவர்களையும் குழந்தைகளையும் போலவே, 20 முதல் 40 வயது வரை உள்ளவர்களும் ஏராளமாக மாண்டார்கள். இந்தியாவில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம். ஏன்? ஆராய்ந்தவர்கள் சொல்லும் காரணம் நமக்குப் புதிதல்ல. நோயாளிக்குப் பக்கத்தில் இருந்தவள் அவள்; எல்லாரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தைச் சாப்பிட்டவள் அவள். ஏற்கனவே சத்துக் குறைந்த உடம்பு. அத்தையின் பாட்டி ஒருத்தி அல்ல. லட்சக்கணக்கான அடுப்புகளுக்குப் பக்கத்தில் அப்படி ஒருத்தி சாய்ந்திருக்கிறாள்.

இதைப் படித்துக்கொண்டிருந்த வாரத்தில்தான் அத்தைக்குக் காய்ச்சல் வந்தது.

ஏப்ரல் மாதம், ராத்திரி 11 மணி. உடம்பு அனலாகச் சுட்டது. மூச்சு வாங்கியது. எங்கள் மூவருக்கும் கை கால் ஓடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் அங்கிருந்து நோய் ஒட்டுமோ, போகாவிட்டால் என்ன ஆகுமோ! எங்கள் குடும்ப டாக்டர் போனிலேயே ஒவ்வொன்றாகக் கேட்டார். நிமிஷத்துக்கு எத்தனை தடவை மூச்சு விடுகிறார் என்று எண்ணச் சொன்னார். முழு வாக்கியம் பேச முடிகிறதா, உதடு நீலம் பாரித்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். "பேச முடியுது இல்லையா? இன்ஹேலரைத் தவறாமக் கொடுங்க, காய்ச்சல் மாத்திரை கொடுங்க. மூச்சு அதிகமா வாங்கினா உடனே கூப்பிடுங்க. பார்த்துக்கிறவங்க ஒரே ஆளா இருங்க, ஜன்னலைத் திறந்து வையுங்க, மூக்கையும் வாயையும் மூடிக்கிட்டு இருங்க" என்றார்.

ஒரே ஆள் என்றால் யார் என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை. நான் என் தலையணையை எடுத்துக்கொண்டு அத்தை அறைக்குப் போய்விட்டேன்.

நாலு ராத்திரி. நெற்றியில் ஈரத் துணி, வேளைக்குக் கஞ்சி, விரல் விட்டு மூச்சு எண்ணுவது. 22... 24... மறுபடி 22. மகனும் கணவரும் வாசலில் கஞ்சியை வைத்துவிட்டு எட்ட நின்று பார்ப்பார்கள். பாவம், அவர்கள் முகத்திலும் ரத்தம் இல்லை. பிரதி, பதிப்பாளர், 80 பக்கம் எல்லாம் மறந்தே போயிற்று. மூன்றாம் நாள் ராத்திரி 2 மணி இருக்கும். அரை மயக்கத்தில் இருந்த அத்தை கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். பேச மூச்சுப் போதவில்லை. இரண்டு தடவையாக நிறுத்திச் சொன்னார்.

"நீ... சாப்பிட்டியா?"

சாப்பிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. காலையில் ஒரு டம்ளர் காப்பி, மத்தியானம் நின்றபடி அவர் வைத்த மீதிக் கஞ்சி. அவ்வளவுதான். எழுந்து வாசல் வரை போய், என் மகனை எழுப்பி, "எனக்கு ரெண்டு தோசை ஊத்திக் கொடுடா" என்று கேட்டேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், அந்த வீட்டில் நான் எனக்காகச் சாப்பாடு கேட்டது அன்றைக்குத்தான். ஒரு தோசை தீய்ந்திருந்தது, ஒன்று கிழிந்திருந்தது. அத்தை பார்த்துக்கொண்டே இருக்க, நாற்காலியில் உட்கார்ந்து இரண்டையும் சாப்பிட்டேன். அத்தை கண்ணை மூடிக்கொண்டார்.

ஐந்தாம் நாள் காய்ச்சல் இறங்கியது. வருஷா வருஷம் வருகிற சளிக் காய்ச்சல்தான், பயம் வேண்டாம் என்றார் டாக்டர். அத்தை எழுந்து உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி: "அந்தப் பாட்டி கதைய எழுதிட்டியா?"

எழுதினேன். ஒரு வரி 14 பக்கமாயிற்று. நாவல் எழுதும் சகோதரிகளுக்கு அந்தத் திருத்த வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். 2020-ல் நமக்குத் தெரிந்ததையெல்லாம் 1918-க்குள் நுழைய விடக் கூடாது, அதுதான் கஷ்டம். மனிதர்களைத் தாக்கும் இன்ஃபுளூயன்ஸா வைரஸைப் பிரித்துக் கண்டுபிடித்ததே 1933-ல்தான். அப்படியிருக்க, குடமுருட்டிக் கரையில் ஒருத்திக்கு 'கிருமி பரவுகிறது' என்று எப்படித் தெரியும்? 'ஸ்பானிஷ் ஃப்ளூ' என்ற பேரும் அவள் காதில் விழுந்திருக்காது. அந்தப் பேரே வேடிக்கை. ஸ்பெயின் யுத்தத்தில் சேராத நாடு. அங்கே பத்திரிகைகளுக்குத் தடை இல்லாததால் காய்ச்சல் செய்தி வெளியே வந்தது. பழியும் அந்த நாட்டின் தலையில் விழுந்தது. என் நாவலில் அது வெறும் 'விஷக் காய்ச்சல்'. என் பயத்தை அவளுக்குக் கொடுக்கவில்லை. அவளுக்கு இருந்தது பயமே அல்ல, வேலை. பதினோரு பேர் வீட்டில் பத்துப் பேர் படுத்திருக்க, ஒருத்திக்குப் பயப்பட ஏது நேரம்? நாலு ராத்திரி விழித்த பிறகு இது எனக்குப் புரிந்தது.

அந்தக் காய்ச்சலைக் கண்ட எழுத்தாளர்களும் அதைப் பற்றி எழுத வருஷங்கள் எடுத்துக்கொண்டார்கள். ஹிந்திக் கவிஞர் நிராலா அதில் மனைவியையும் குடும்பத்தில் பலரையும் பறிகொடுத்தார். கங்கையில் பிணங்கள் மிதந்த காட்சியைப் பல வருஷம் கழித்து 'குல்லி பாட்' என்ற நூலில் எழுதினார். அமெரிக்க எழுத்தாளர் கேதரின் ஆன் போர்ட்டர் 1918-ல் அதே காய்ச்சலில் சாவின் விளிம்பு வரை போய்த் திரும்பியவர். தலைமுடி முழுதும் கொட்டி, மறுபடி முளைத்தபோது நரையாக முளைத்ததாம். அந்த அனுபவம் கதையாகி, அவருடைய புத்தகத்தில் வெளிவந்தது 1939-ல். இருபத்தோரு வருஷம்! அதை நினைத்தபோது, என் நாவல் தள்ளிப் போவது பெரிதாகப் படவில்லை.

தள்ளித்தான் போயிற்று. ஊரடங்கு நீண்டுகொண்டே போனது. மே 5-ல் கோயம்பேடு மார்க்கெட்டையே மூடினார்கள். ஜூனில் சென்னையில் நோய் உச்சத்துக்குப் போய், 19-ம் தேதியிலிருந்து மறுபடியும் முழு ஊரடங்கு. அச்சகம் திறந்தாலும் ஆள் இல்லை. ஆள் வந்தாலும் வாங்கக் கடை இல்லை. "எப்போ வரும்னு சொல்ல முடியலம்மா" என்று பதிப்பாளர் போனில் சொன்னபோது அவர் குரலும் உடைந்திருந்தது. கடைசியில் 20 ஃபாரத்தில் நாவல் முடிந்தது. பாட்டிக்காக ஒரு ஃபாரம் கூட வேண்டும் என்று கேட்டேன், மறுக்காமல் ஒத்துக்கொண்டார். 2021-ல் சென்னைப் புத்தகக் காட்சியே ஜனவரியில் நடக்காமல் பிப்ரவரிக் கடைசியில்தான் ஆரம்பித்தது. அங்கே என் புத்தகமும் வந்தது. அறுவடைக் காட்சியில் கதாநாயகி இப்போது களத்து மேட்டில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிடுகிறாள். ஒரு பக்கம் முழுக்கச் சாப்பிடுகிறாள். அத்தை அந்தப் பக்கத்தில் தூங்கவில்லை!

எங்கள் வீட்டிலும் ஒரு திருத்தம் வந்தது. ராத்திரிச் சாப்பாட்டைப் பாத்திரத்தோடு ஹாலில் கொண்டுவந்து வைத்துவிட்டு, நாலு பேரும் ஒன்றாக உட்காருகிறோம். அவரவர் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். என் கணவர் முதல் வாரம் ரசத்தைத் தரையில் ஊற்றினார். இரண்டாம் வாரம் சரியாகிவிட்டது. மகன் பெங்களூருக்குத் திரும்பிப் போனபோது தோசை வட்டமாக ஊற்றத் தெரிந்தவனாகப் போனான். நாளைக்கு அவனுக்கு வரப்போகிறவள் எனக்கு நன்றி சொல்லுவாள்.

சகோதரிகளே, வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் மருந்து வேளையை ஒரு தாளில் எழுதி ஒட்டுகிறோம் அல்லவா? அதே தாளில், கவனித்துக்கொள்பவள் எப்போது சாப்பிட்டாள், எத்தனை மணி நேரம் தூங்கினாள் என்று இன்னொரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். அதை நிரப்பும் பொறுப்பை வீட்டில் உள்ள ஆண்களிடம் கொடுங்கள். அவள் விழுந்தால் வீடு முழுதும் விழும் என்பது 1918-லேயே தெரிந்த பாடம்.

உங்கள் வீட்டு ஜன்னலோரத்திலும் ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்கலாம். ஒரு மத்தியானம் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவருடைய பாட்டி எப்படிப் போனாள் என்று கேட்டுப் பாருங்கள். கையில் ஒரு நோட்டும் பென்சிலும் இருக்கட்டும். அவர் சொல்லி முடிக்கும்போது அடுப்பில் குழம்பு தீய்ந்து போனாலும் பரவாயில்லை. அன்றைக்கு ஒரு நாள் வீட்டில் யாராவது உங்களுக்குத் தோசை ஊற்றிக் கொடுக்கட்டுமே!